மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் வயிற்றுப்போக்கை நிறுத்துமா?

பரவும் செய்தி: "கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? போன தடவை வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் மிச்சமிருந்தால் அரை மூடி கொடுங்கள், உடனே நிற்கும்."

தவறு. கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் ரோட்டா வைரஸ். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. "எங்கள் பிள்ளைக்கு நின்றதே" என்பார்கள். பெரும்பாலும் அது சில நாளில் தானாகவே நின்றிருக்கும்.

ஆனால் அந்த அரை மூடி மருந்து சும்மா போவதில்லை. குடலில் இருக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில், மருந்துக்கு மசியாதவை மிஞ்சிப் பெருகும். அந்த எதிர்ப்புத் திறனைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாகப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். ஈ.கோலைக்கும் ரத்தபேதி தரும் ஷிகெல்லா என்ற கிருமிக்கும் இடையே இப்படிக் கைமாறுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959-லேயே கண்டுவிட்டார்கள். இந்த ஷிகெல்லாவுக்கு ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவை. அதுவோ இன்று பல இடங்களில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்குவதில்லை.

கொடுக்க வேண்டியவை தாய்ப்பால், ஓ.ஆர்.எஸ்., கூடவே டாக்டர் சொல்லும் அளவில் 10 முதல் 14 நாள் ஜிங்க் (துத்தநாகச் சத்து மருந்து). மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், கண்ணீர் வராத அழுகை, பால் குடிக்காத சோர்வு, இதில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.