சேர்ந்து கூடினாலே நேர்விகிதம் ஆகிவிடாது

அண்ணாச்சி, ‘ஒன்று கூடும்போது மற்றதும் கூடினால் நேர்விகிதம்தான், யோசிக்காமல் குறுக்கே பெருக்கச் சொல்லுங்கள்’ என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள். பிள்ளைகள் மார்க்கை விடுவதே இந்த இடத்தில்தான்.

நெல்லை ஜங்ஷனில் ஆட்டோ ஏறுகிறோம். முதல் 2 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோமீட்டருக்கு 90, 6 கிலோமீட்டருக்கு 130. தூரத்தோடு கட்டணமும் கூடத்தான் செய்கிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு முதலில் 25, அடுத்து 22.50, பிறகு 22கூட இல்லை. ஓரலகு மதிப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. நீங்கள் சொன்னபடி ‘2 கிலோமீட்டருக்கு 50 என்றால் 6 கிலோமீட்டருக்கு எவ்வளவு’ என்று குறுக்கே பெருக்கினால் (50 × 6 ÷ 2) 150 வரும். 20 ரூபாய் அதிகம்!

அல்வா அப்படியில்லை. கால் கிலோ 80 என்றால் அரைக் கிலோ 160, ஒரு கிலோ 320. எதை வகுத்தாலும் 100 கிராம் 32 ரூபாய்தான். வகுத்து வரும் எண் மாறாமல் இருந்தால் மட்டுமே நேர்விகிதம். குறுக்குப் பெருக்கலுக்கு முன்னால் பிள்ளைகள் பார்க்கவேண்டியது இதைத்தான்.

இன்னொன்று. 6 பேர் 4 நாளில் முடிக்கிற நடவை, அதே வேகத்தில் 8 பேர் 3 நாளில் முடிப்பார்கள். அங்கே மாறாமல் இருப்பது பெருக்கற்பலன் 24, அது எதிர்விகிதம்.