20 லட்சத்துக்குள் சம்பாதிப்பவர் எதையும் மறைக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் நம் சிறுதொழில்காரர்கள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இரண்டு நாட்களாக எழுதாமல் இருந்தேன். வந்திருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் காணொளி வந்திருக்கும். வயரிங் வேலை செய்யும் நம் பெரியவர் எழுந்து, தன்னைப் போன்றவர்கள் ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) பதிவு எண் வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். "எண் இல்லாமல் தொழில் செய்கிறீர்கள் என்றால் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. பெரியவர் மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கேள்வியை எழுதிக்கொண்டு வந்திருந்த பழைய ரசீதை அவர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கர்நாடகத்தில் சேவைத் தொழில் செய்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு 2019 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 40 லட்சம். இது நாங்கள் தேடிக் கண்டுபிடித்த சந்து அல்ல, சட்டத்தை எழுதியவர்களே சிறியவர்களுக்காக வைத்த வரம்பு. அதற்குக் கீழே இருப்பவர் வேண்டுமானால் விருப்பப் பதிவு செய்துகொள்ளலாம். விருப்பம் என்று சட்டம் சொல்வதைக் கடமை என்று சொல்ல மேடையில் இருப்பவருக்கு உரிமை இல்லை.

நான் ஏசி, பிரிட்ஜ் பழுது பார்ப்பவன். என் வாடிக்கையாளர்கள் வீட்டுக்காரர்கள். மாதம் 45,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். அதில் 15,000 ரூபாய் எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகத்துக்குப் போய்விடும், கையில் நிற்பது 30,000. நான் பதிவு செய்தால் 500 ரூபாய் வேலைக்கு 18 சதவீதம் சேர்த்து 590 கேட்க வேண்டும். அந்த 90 ரூபாயை, பதிவு செய்த கம்பெனி போல, எந்த வீட்டுக்காரரும் தான் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது, அடுத்த தெரு மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார். விலையை ஏற்றாமல் வரியை நானே சுமந்தால், 45,000-க்குள் அடங்கிய வரி 6,864 ரூபாய். உதிரிபாகத்தில் ஏற்கெனவே கட்டியது 2,288 ரூபாய், பதிவு செய்தவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். கழித்துப் பார்த்தால் மாதம் 4,576 ரூபாய் என் கையிலிருந்து போகிறது. கணக்கு எழுதுபவருக்குக் கொடுப்பது தனி.

இதை ஏட்டில் படித்துவிட்டு நான் சொல்லவில்லை. 2019 நவம்பரில் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஏசிகளுக்கு ஆண்டுப் பராமரிப்பு தருவதாகச் சொன்னார்கள், எண் இருந்தால்தான் பில் ஏற்போம் என்றார்கள். ஆசையாக எண் வாங்கினேன். அட்டையில் அச்சடித்தேன், ஸ்கூட்டர் பெட்டியிலும் ஒட்டினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அந்த அலுவலகமும் மூடப்பட்டது, நான் ஆரணிக்குப் போய்விட்டேன். வருமானம் இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் (வரவு பூஜ்யம் என்று காட்டும் வரிக் கணக்கு) போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நாளுக்கு 20 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. 2021-ல் சலுகை அறிவித்து, நில் ரிட்டர்ன் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று குறைத்தார்கள். பதினான்கு மாதங்களுக்கு 7,000 ரூபாய் கட்டினேன். ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத மாதங்களுக்காகக் கட்டிய பணம் அது. எண்ணை ரத்து செய்த பிறகும் கடைசி ரிட்டர்ன் ஒன்று போட்டுத்தான் வெளியே வர முடிந்தது.

கடை வைத்திருக்கும் நண்பர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாத கட்டட உரிமையாளருக்குக் கடை வாடகை கொடுக்கும்போது, வாடகைக்கு இருப்பவர் வழக்கமான முறையில் பதிவு செய்தவராக இருந்தால் அந்த வாடகை மீதான 18 சதவீதத்தை அவரேதான் கட்ட வேண்டும். பிறகு கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் முதலில் ரொக்கமாகக் கையிலிருந்து போகிறது.

கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்களுக்கு எண் நல்லது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வாங்கும் வரி அந்தக் கம்பெனிகளுக்கு, தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகத் திரும்பக் கிடைக்கும், உங்கள் விலையும் பாதிக்காது. வாங்கிக்கொள்ளுங்கள். வரவில் 6 சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே என்பவர்களுக்கு: அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவும் முடியாது, உதிரிபாகத்தில் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது.

2025 ஜூலையில் யூபிஐ வரவைப் பார்த்து பெங்களூரில் சின்னக் கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் வந்ததே, பாதுகாப்புக்காகவாவது பதிவு செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வரவு வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்தவர்களுக்கு வந்த நோட்டீஸ் அது. அதற்கு மருந்து ஒழுங்காகக் கணக்கு எழுதுவதும், மச்சான் அனுப்பும் கடன் பணமும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கலக்காமல் பார்த்துக்கொள்வதும்தான். பயத்தில் எண் வாங்கினால் பயம் மாதா மாதம் தேதி போட்டு வரும்.

நாட்டுக்கு வரி கட்ட மனமில்லையா என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதுவார் என்று தெரியும். ஐயா, நான் வாங்கும் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும், ஒவ்வொரு சிலிண்டர் காஸுக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறேன். பெரிய நிறுவனம் அதைக் கழித்துக்கொள்கிறது. எனக்கு ஒரு பைசா திரும்பி வருவதில்லை. அப்படிக் கட்டிக்கொண்டே, நாற்பது பேர் நடுவில் மறைக்கிறவன் என்ற பேச்சையும் கேட்க வேண்டுமா? மொட்டை வெயிலில் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஏசியோடு தொங்கிக்கொண்டு நிற்பவனை அப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

திங்கட்கிழமை காலையில் பெரியவர் போன் செய்தார். "தம்பி, இத்தனை வருஷமா நான் தப்புப் பண்ணிட்டு இருந்தேனா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வயர் இழுத்தவர். ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். நோட்டை எடுத்துக் கொடுத்தார். எழுபது ரூபாய்க்கு ஸ்விட்ச் மாற்றிய வேலைகூடத் தேதியோடு எழுதியிருக்கிறது. கடந்த ஆண்டு முழுவதையும் அவர் முன்னாலேயே கூட்டினேன்: 3,84,000 ரூபாய். அந்தப் பக்கத்தின் அடியில், "பதிவு தேவையில்லை" என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேடையில் பேசியவர் இதைப் படித்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். பெரியவரின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்து, நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்று அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.