அவர் ராக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாமிகளா

இரண்டு மூன்று நாளாக எல்லோரும் அந்த ரீல்ஸைத்தான் பகிர்கிறீர்கள். பழவேற்காட்டில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மைக்கை நீட்டி, "ராக்கெட் போகுது, எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேட்கிறார்கள். "இன்னிக்குத் தொழில் போச்சுப்பா" என்கிறார். உடனே ஒரு சிரிப்புச் சத்தம். கீழே, 'இவங்கள வச்சுக்கிட்டு வல்லரசா?'

தொழில் போச்சு என்றார். ராக்கெட் வேண்டாம் என்றா சொன்னார்?

நான் அந்த ஊரில் வளர்ந்தவன். வடக்கே கிட்டத்தட்ட 35 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். முதலில் வெளிச்சம் மட்டும் எழும்பும். சத்தம் வந்துசேர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். ராக்கெட் மேகத்துக்குள் போன பிறகுதான் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கும். 1993 செப்டம்பரில் முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியபோது வாத்தியாரே எங்களை வெளியே கூட்டிப்போய்க் காட்டினார். கை சிவக்கத் தட்டினோம். அப்புறம் ரேடியோவில் சொன்னார்கள், வங்கக்கடலில் விழுந்துவிட்டது என்று. "எந்தப் பக்கமாம்? நாம வலை விடுற பக்கமா?" என்றார் தாத்தா. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"ராக்கெட் விடுற நாள்ல பாதுகாப்புக்குத்தானே கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்றாங்க?" ஆமாம், சரி. யார் இல்லை என்றது?

"ஒரு நாள்தானே?" இதைச் சொல்பவர் எல்லாம் மாதச் சம்பளக்காரர், கவனித்தீர்களா? 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிஷம் இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். நல்ல முடிவு. 22ஆம் தேதி ஜம்மென்று போனது. ஆனால் ராக்கெட் தள்ளிப்போனால் எங்களுக்கு இன்னொரு நாளும் போகும். அதற்கு லீவு சம்பளம் யாரும் தருவதில்லை. தொழில் போச்சு என்றால் அதுதான் அர்த்தம். தேசத்துரோகம் இல்லை.

"பக்கத்திலேயே இருந்தும் உங்க ஊர்லேர்ந்து ஒரு விஞ்ஞானி வரலையே?" இந்தக் கமெண்டுக்குத்தான் லைக் குவிந்திருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவனெல்லாம் கப்பல் கேப்டனா? உங்கள் தெருவில் எத்தனை விஞ்ஞானிகள், ஐயா? நீங்கள் காரில் வந்து, ஒரு வீடியோ எடுத்து, தண்ணீர் பாட்டிலை மணலில் வீசிவிட்டுப் போனீர்கள். அதைப் பொறுக்கியது யார் என்று ரீல்ஸில் வரவில்லை.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். 'ஃபன்னுக்குத்தான் ப்ரோ' என்று பதில். வீடியோவில் இருக்கும் அந்தப் பெரியவர் எனக்கு மாமா முறை. பேத்தி போனில் காட்டித்தான் அவருக்கே தெரியுமாம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போக வேண்டிய ராக்கெட்கூட, இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்று எரிபொருளைச் செலவழித்து வளைந்து போகிறது. அந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கேயும் கடற்கரையில் வலையோடு நிறைய மாமாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கை இப்போதே சார்ஜ் போட்டு வையுங்கள்.