பழைய பேப்பர் என்று சொன்னவருக்கு

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்தின் பருவ இதழ் அறையில் இருந்த, பழைய இதழ்களை ஆண்டுவாரியாகத் தைத்த கட்டுத்தொகுதிகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள்; நண்பர்கள் பலரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கவில்லை. கட்டுத்தொகுதிகள் எடைக்குப் போனது ஒரு வலி என்றால், அதைத் தடுக்கப் பேசிய என்னிடம், "பத்திரிகை நிருபர்களைப் பற்றிய சினிமாப் படங்களாகப் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பழைய பேப்பர் மேல் காதல் வந்துவிட்டது, மேடம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதும், அதற்கு எல்லோரும் சிரித்ததும் இன்னொரு வலி. காதல் இருப்பது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படங்களை அவர் சரியாகப் பார்த்திருந்தால், அவை நிருபர்களின் வீரத்தோடு சேர்த்து, யாரோ ஒருவர் தாளைத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்திருந்ததையும் சொல்கின்றன என்பது புரிந்திருக்கும்.

அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விவகாரத்தைப் பற்றி 1976இல் வந்த 'ஆல் த பிரெசிடென்ட்ஸ் மென்' படத்தில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் இருவரும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் உட்கார்ந்து, வாசகர்கள் புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். கேமரா அவர்கள் தலைக்கு மேலே உயர்ந்துகொண்டே போகும். வட்ட வட்டமான மேசைகளுக்கு நடுவே அவர்கள் இரண்டு புள்ளிகளாகச் சுருங்குவார்கள். தேடியது கிடைக்காது. கிடைக்காத தேடலுக்கு ஒரு இயக்குநர் இவ்வளவு நேரம் கொடுத்தாரே என்பதற்காகவே அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. யார் எதைப் படித்தார் என்பதை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது நூலகர்களான எங்கள் தொழிலின் அடிப்படை. படத்தில் அந்தச் சீட்டுகளை முதலில் தர மறுத்த நூலக அலுவலரின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. ஆயினும் அந்தச் சீட்டுகளை ஒருவர் வைத்திருந்தார், எடைக்குப் போடவில்லை.

கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததையும் திருச்சபை அதை மறைத்ததையும் அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளிக்கொணர்ந்த கதையான, 2015இல் வெளியான 'ஸ்பாட்லைட்' படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாஸ்டன் மறைமாவட்டம் ஆண்டுதோறும் அச்சிட்ட பாதிரியார் பெயர்க் கையேடுகளை நிருபர்கள் அடிக்கோல் வைத்து வரி வரியாகப் படித்து, உடல்நலக் குறைவால் விடுப்பு என்பது போன்ற குறிப்புகளைப் பின்தொடர்ந்து, சந்தேகத்துக்குரிய பாதிரியார்கள் 87 பேரின் பெயர்களை எட்டுவார்கள். வெளிவந்த ஆண்டில் அவை யாரும் சீந்தாத கையேடுகள். படத்தில் பின்னர், அதே பத்திரிகை 1993இல் தன் உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தியாகப் போட்டு மறந்துவிட்ட விஷயமும் பழைய நறுக்கு ஒன்றிலிருந்து வெளிவரும். பத்திரிகையின் சொந்தத் தவற்றைப் பத்திரிகைக்கே காட்டியது ஒரு பழைய பேப்பர். அந்தச் செய்தித் தொடருக்காக பாஸ்டன் குளோப் 2003இல் அமெரிக்காவின் பெரிய இதழியல் விருதான புலிட்சர் பரிசு பெற்றது. தாளை எடுத்து வைத்தவர் இல்லாமல் அந்தச் செய்தி இல்லை. இதைத்தான் அன்று கூட்டத்திலும் சொன்னேன்.

என் காதல் படங்களுக்கு முன்பே தொடங்கியது. சிறுவயதில் கடலைப் பொட்டலம் பிரித்தால் கடலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தாளைப் படிப்பேன். கதை பாதியில் கிழிந்திருக்கும். மீதி எங்கே என்று கடைக்காரரிடம் போய்க் கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் பெரியம்மா வீட்டில் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டு இருந்தது. மணியத்தின் ஓவியங்களை அந்தத் தாளில்தான் முதலில் பார்த்தேன். தொடர்கதையைத் தைத்து வைத்த அந்தப் பெண்கள் யாரும் நூலக அறிவியல் படித்தவர்கள் அல்லர். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும்தாம் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவரிடமும் எத்தனை பேர் பழைய பேப்பர் என்று சொல்லியிருப்பார்களோ!

இடம் போதவில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், போதவில்லை. அதற்கு மாடிப்படியின் கீழ் உள்ள அறையைக் கேட்டு நான் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை.

எல்லாம் மின்வடிவில் இருக்கிறது என்பீர்கள். நானும் மின்னாக்கம் வேண்டும் என்று கேட்பவள்தான். செய்தித்தாளின் காகிதம் மரக்கூழில் செய்தது. வெளிச்சம் பட்டால் பழுக்கும், பழுத்தால் மடிக்கிற இடத்தில் ஒடியும். என் விரல்களிலேயே ஒடிந்திருக்கிறது. அதனால்தான் படி எடுத்து, பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, அதன் பிறகு மூலத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்கிறோம். வெள்ளிக்கிழமை போன தொகுதிகளில் எவையெல்லாம் படி எடுக்கப்பட்டன என்று கேட்டபோது அறையில் ஒருவரிடமும் பட்டியல் இல்லை. பட்டியல் கேட்டவள்தான் உணர்ச்சிவசப்படுகிறவள் ஆனாள்.

யாரும் கேட்டு வருவதில்லை என்றும் சொன்னார்கள். வருகிறார்கள். நிலத் தகராறு ஒன்றுக்காகப் பழைய ஏல அறிவிப்பைத் தேடி ஒரு பெரியவர் நான்கு நாள் வந்தார். மூன்றாம் நாள் என் சாப்பாட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். கிடைத்ததும் அந்தப் பக்கத்தின் மேல் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த அறையின் தூசியில் இருமிக்கொண்டிருப்பவளிடம், சினிமா பார்த்து வந்த மோகம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போய், அவர்கள் வாங்கிய எடைக் கணக்கிலேயே பணம் கொடுத்து இரண்டு தொகுதிகளை மீட்டு வந்தேன். மற்றவை அதற்குள் லாரி ஏறிவிட்டன. மீட்டவற்றில் ஒன்று கல்கியின் 1953ஆம் ஆண்டுத் தொகுதி; தையல் அறுந்து ஐந்து இதழ்கள் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பரணில் அந்த ஆண்டின் இதழ்கள் இருந்தால், கிழிந்திருந்தாலும் அட்டை இல்லாவிட்டாலும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.