வேலூரிலிருந்து மெரினாவுக்கு

சென்னைக் கடற்கரைக்கும் அதன் பூங்காக்களுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்தைத் திட்டமிடுவோர், வேலூர், ஆற்காடு, ஆரணிப் பக்கத்திலிருந்து அங்கே வந்து சேரும் மக்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கரையோடு எங்களுக்குள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856-இல், துறைமுகத்தை அடுத்த ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோட்டுக்குத்தான் ஓடியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் தோல் சரக்கு இன்றும் சென்னையில்தான் கப்பலேறுகிறது.

மெரினாவின் அகன்ற மணல்வெளியே துறைமுகத்தால் வந்ததுதான். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்துவிட, தெற்கே மணல் சேர்ந்து கடல் விலகியது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்துக் குறைந்து, கருங்கல் கொட்டிக் கரையைக் காக்கும் நிலை வந்தது. மெரினாவை அழகுபடுத்த ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது இந்த வடகரைக்குப் போவதே நியாயம்.

போக்குவரத்துக்கு வருகிறேன். வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்குச் செல்லும் ரயில்தான் எங்களில் பலருக்கும் கட்டுப்படியாகும் வழி. 2024 மே மாதம் அது திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனால் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் கடல் கண்ணில் படாது. எதிரே துறைமுகச் சுவர்தான். அங்கிருந்து பறக்கும் ரயிலேறித் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கி, வெயிலில் குழந்தைகளையும் முதியவர்களையும் நடத்திக்கொண்டுதான் மணலுக்குப் போக வேண்டும். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை போடும் பணிக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலும் ஓடவில்லை. திரும்பும் வண்டியோ மாலை 6 மணிவாக்கில் கிளம்புகிறது. மணலின் சூடு தணிந்து கூட்டம் சேரும் அந்த நேரத்தில் நாங்கள் மூட்டையைக் கட்ட வேண்டியிருக்கிறது. சென்ட்ரலிலிருந்து இரவில் காட்பாடிக்கு வண்டிகள் உண்டு என்பார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் கைக்குழந்தையோடு நின்று வந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மெரினா மணலில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தாலும் அதைச் சீரமைத்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை அலையருகே கொண்டு சேர்க்க நினைத்த அந்த அக்கறை, ரயில் நிலையத்திலிருந்து மரப்பாதை வரைக்கும் நீள வேண்டும். தாழ்தளப் பேருந்து ஒன்று மாலை நேரத்தில் அந்த இரண்டுக்கும் இடையே சுற்றி வந்தாலே போதும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் பாதை எங்களுக்குப் பெரிய வாய்ப்பு. வேலூர்ப் பேருந்துகள் வரும் சாலை அந்தப் பூந்தமல்லியைத் தொட்டுத்தான் சென்னைக்குள் நுழைகிறது. எனவே பாதை முழுமையாகத் திறக்கும் நாளிலேயே, வெளியூர்ப் பேருந்துகள் நிற்க மெட்ரோ நிலையத்தை ஒட்டி நிழற்குடையோடு ஒரு நிறுத்தத்தையும், இரவு கடைசி மெட்ரோவில் வந்து இறங்குவோருக்கு வேலூர்ப் பேருந்து ஒன்றையும் உறுதிசெய்யும்படி போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.