ஓர் ஈயும் சில விமர்சனங்களும்

எபிசோட் முடிந்து திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே என் கை கைபேசியைத் தேடிப் போய்விடும். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று எனக்குள் ஒரு முடிவு உருவாவதற்குள் யாரோ ஒருவர் எழுதிய விமர்சனத்தின் மூன்றாவது பத்தியில் இருப்பேன். மறுநாள் யாராவது எப்படி இருந்தது என்று கேட்டால், நான் சொல்வது என் கருத்தா அந்த மூன்றாவது பத்தியா என்று எனக்கே பிரித்தறிய முடிந்ததில்லை. அதனால் சில ஆண்டுகளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் குறிப்பேட்டில் நான்கு வரிகள் எழுதிவிடுவேன். ஓர் இரவு கழிந்த பிறகுதான் விமர்சனங்களைத் திறப்பேன்.

அந்தக் குறிப்பேட்டில் எனக்கு வெட்கம் தரும் ஒரு பக்கம் உண்டு. 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனில் வரும் 'ஃப்ளை' (ஈ) எபிசோடைப் பார்த்துவிட்டு, "முக்கால் மணி நேரம் ஈ ஓட்டியிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே அதில் நடப்பது அதுதான். போதைப்பொருள் தயாரிக்கும் நிலத்தடி ஆய்வகத்துக்குள் ஓர் ஈ நுழைந்துவிடுகிறது. அதை அடிக்காமல் வேலை தொடங்கக் கூடாது என்று, அங்கே போதைப்பொருள் தயாரிக்கும் கதாநாயகன் வால்டர் பிடிவாதம் பிடிக்கிறார். 2010 மே 23 அன்று ஒளிபரப்பான இந்த எபிசோட், சீசனின் செலவு எல்லை மீறிப் போனதால், வெளியே எங்கும் போகாமல் பெரும்பாலும் ஒரே அரங்கில் இரண்டே நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டது. படங்கள், தொடர்கள் பற்றிய தகவல்களைத் தரும் ஐஎம்டிபி இணையதளத்தில் பார்வையாளர்கள் அளித்த மதிப்பெண்களில் அந்தத் தொடரிலேயே கடைசி இடம் இதற்குத்தான். முதல் இடத்தில் இருப்பது 2013 செப்டம்பரில் வந்த 'ஓசிமாண்டியாஸ்'. இரண்டையும் இயக்கியவர் ரையன் ஜான்சன். இரண்டின் எழுத்திலும் மொய்ரா வாலி-பெக்கெட்டின் கை இருக்கிறது. ஒரே கைகள் செய்த வேலை ஓரிடத்தில் உச்சியிலும் இன்னோரிடத்தில் அடியிலும் இருக்கிறதென்றால், அந்த மதிப்பெண்கள் எதை அளக்கின்றன என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

என் நான்கு வரிகளைத் திரும்பப் படித்தபோது எனக்கு விடை ஓரளவு கிடைத்தது. நான் மதிப்பிட்டது திரையில் ஓடிய எபிசோடை அல்ல. முந்தைய வாரக் கதை இந்த வாரம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று நானே மனதுக்குள் எழுதி வைத்திருந்த வேறோர் எபிசோடை. அது வராததால் வந்த கோபத்தைத்தான் விமர்சனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இரண்டாம் முறை பார்க்க வைத்தது, நட்சத்திரங்களோ மதிப்பெண்ணோ இல்லாத ஒரு விமர்சனம். அதை எழுதியவர் ஓர் ஏணியைப் பற்றி மட்டுமே இரண்டு பத்திகள் எழுதியிருந்தார். (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸி, காபியில் தூக்க மாத்திரை கலந்து அவருக்குக் கொடுத்துவிட்டு, ஈயை அடிப்பதற்காக ஆட்டம் காணும் ஏணியின் உச்சியில் நிற்கிறான். கீழே அரைத் தூக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வால்டர், ஜெஸ்ஸியின் காதலி ஜேனின் மரணத்துக்காக வருந்துவதாகச் சொல்லத் தொடங்குகிறார். அவள் மூச்சுத் திணறிச் செத்தபோது அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் மேலே நிற்பவன் என்ன ஆவான், ஏணி என்ன ஆகும்? முதல் முறை நான் ஈ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்னால், தான் செத்திருக்க வேண்டிய சரியான நேரம் எது என்று வால்டர் சொல்லும் இடம் வருகிறது: தொலைக்காட்சியில் யானைகளைப் பற்றிய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்க, இன்னோர் அறையில் மனைவி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது கண்காணிப்புக் கருவி வழியாகக் கேட்ட அந்த நொடி. அந்தப் பேச்சையும் முதல் முறை நான் காதில் வாங்கியிருக்கவில்லை.

விமர்சகர்கள் எல்லோரும் இப்படி ஏணியைக் காட்டுபவர்கள் அல்லர். வாராந்தர விமர்சனங்களில் முக்கால்வாசி கதைச் சுருக்கம்தான். பார்த்தவனுக்கு அது தேவையில்லை, பார்க்காதவன் அதைப் படிக்கக் கூடாது, பிறகு யாருக்காக எழுதுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பாதி கட்டிய வீட்டைப் பார்த்துக் குடியிருக்க ஏற்றதா என்று அன்றிரவே அவர்கள் சொல்லியாக வேண்டும். 2007 ஜூன் 10 அன்று 'தி சோப்ரானோஸ்' தொடரின் கடைசிக் காட்சி பாதி வாக்கியத்தில் அறுந்ததுபோல் இருளில் முடிந்தபோது, கேபிள் இணைப்புப் போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். அந்தக் குழப்பம் தெளிவதற்குள் விமர்சனங்கள் வெளிவந்துவிட்டன. இதற்கு மாறாக, 'தி வயர்' தொடரின் நான்காம் சீசனின் 13 எபிசோடுகளும் ஒளிபரப்புக்கு முன்பே விமர்சகர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் முழுமையாகப் பார்த்து வியந்ததை, நாம் வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்துவிட்டு ஏன் மெதுவாகப் போகிறது என்று கேட்டோம். இரு தரப்பும் பார்த்தது ஒரே பொருள் அல்ல.

பார்வையாளரின் எரிச்சல் எப்போதும் அவசரத்தில் பிறப்பது என்றும் சொல்லிவிட முடியாது. 2019 ஏப்ரல் 28 அன்று வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் போர் எபிசோட் 82 நிமிடங்கள் ஓடியது. என் குறிப்பேட்டில் அதற்கு "யார் யாரை வெட்டினார்கள் என்று தெரியவில்லை" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. இருட்டாக இருக்கிறது என்று உலகம் முழுவதும் புகார் எழுந்தபோது, வீட்டுத் தொலைக்காட்சியை மக்கள் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரியாததே பெரும் காரணம் என்ற வகையில் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொன்னார். இணைய ஒளிபரப்பில் தரவைச் சுருக்கும்போது முதலில் சிதைவது இருண்ட பகுதிகளின் நுண்ணிய வேறுபாடுகள்தான்; கறுப்பு முழுவதும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். சாதாரணத் திரையில் பார்க்கப் போகிறவர்களுக்காக எடுத்த படத்தை அவர்களால் பார்க்க முடியவில்லை என்றால், குறையை அவர்கள் வீட்டுச் சுவரில் தேடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. போர் வியூகம் சரியா தவறா என்று பக்கம் பக்கமாக வாதிட்ட விமர்சனங்களைவிட, "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று எழுதிய சாதாரணப் பார்வையாளர்கள்தான் அன்று திரையில் இருந்ததைப் பற்றிப் பேசினார்கள்.

'ஃப்ளை' எபிசோடைச் சென்ற வாரம் மூன்றாம் முறை பார்த்தேன். ஈ ஓட்டியதாக எழுதிய வரியை அடித்துவிட்டேன். ஆனால் ஏணிக் காட்சிக்கு முன்னால், இருவரும் ஆளுக்கொரு கருவியோடு ஈயைத் துரத்தும் பகுதியில் ஒரு பத்து நிமிடம் எனக்கு இன்னும் நீளமாகத்தான் தெரிகிறது. நான் படித்த விமர்சகர்களில் ஒருவர்கூட இதை ஒப்புக்கொள்ளவில்லை. நீளம் என்று எழுதிய வரியை மட்டும் அடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.