பொண்ணு படம் போட்டா கேம் விக்காதுன்னு எவனுங்க சொன்னது?

எந்த ஊரு நாயமுங்க இது? கேமுக்குள்ள போனா பொண்ணு கேரக்டர் இருக்குது, கருத்த தோலு கேரக்டர் இருக்குது, சிலதுல கதையே அவங்களை வெச்சுத்தான் ஓடுது. கேம் விக்கற டப்பாவைப் பாத்தா, ட்ரெய்லரைப் போட்டா, போன்ல விளம்பரம் வந்தா மட்டும் தாடியும் துப்பாக்கியுமா ஒரே ஆம்பளை மூஞ்சி. கேட்டா "மார்க்கெட் அப்படித்தானுங்க"ங்கறாங்க. அந்த மார்க்கெட்டை உண்டுபண்ணினதே இவுங்கதானே!

அசாசின்ஸ் கிரீட் ஒடிஸியை எடுத்துக்குங்க. யூபிசாஃப்ட் கம்பெனி 2018ல உட்ட கேம். கசாண்ட்ரா, அலெக்சியோஸ்னு அக்கா தம்பி ரெண்டு பேர்ல யாரை வேணாலும் எடுத்து ஆடலாம். கசாண்ட்ரா ஒருத்தியை மட்டுமே நாயகியா வெக்கறதுதான் அதை உருவாக்குன டீமோட மொதல் திட்டம், பொண்ணுக விக்க மாட்டாங்கன்னு மேல இருந்து தடுத்துட்டாங்கன்னு 2020 ஜூலைல ப்ளூம்பெர்க் செய்தி போட்டுச்சு. கம்பெனியோட அதிகாரப்பூர்வ நாவல்ல கசாண்ட்ராதான் நாயகி. கேம் டப்பாவுல அலெக்சியோஸ்! அதே யூபிசாஃப்ட் 2014ல, அசாசின்ஸ் கிரீட் யூனிட்டில ஆடறதுக்குப் பொண்ணு கேரக்டர் வெச்சா அனிமேஷன் வேலை ரெட்டிப்பாகும்னு சொல்லுச்சு. முன்னாடி அங்கயே வேலை பாத்த அனிமேட்டர் ஜோனதன் கூப்பர், அது ஒரு நாள் ரெண்டு நாள் வேலைதான்னு பொதுவெளியில போட்டு உடைச்சார். அடுத்த வருசம் அதே வரிசையில வந்த சிண்டிகேட்ல ஈவின்னு ஒரு நாயகியை வெச்சாங்க. டப்பாவுல நடுநாயகமா உக்காந்திருந்தது அவளோட கூடப்பொறந்தவன் ஜேக்கப். ஈவி பொறகால நின்னுட்டு இருந்தா.

விக்காதுங்கற கணக்குக்குப் பின்னால என்ன இருக்குது தெரியுங்களா? 2012ல ஈடார்ங்கற சந்தை ஆய்வு நிறுவனம் 669 கேமுகளை எடுத்துப் பாத்துச்சு. பொண்ணு மட்டுமே நாயகியா இருந்தது 24தான். அந்த 24க்கும் சராசரியா ஒதுக்கின விளம்பரக் காசு, ஆம்பளை நாயகன் கேமுகளுக்கு ஒதுக்கினதுல 40 சதவீதம்தான்! பக்கத்துக் காட்டுக்கு முழு மடை தொறந்துபோட்டு, இந்த மஞ்சக் காட்டுக்கு அரை மடை கூட உடாம, மஞ்சள் வெளையலைன்னு மண்ணு மேல பழி போடறாங்க. மாஸ் எஃபெக்ட் கேம்லயும் இதே கதைதான். அதுல ஷெப்பர்டுங்கற நாயகனை ஆணாவோ பொண்ணாவோ எடுத்து ஆடலாம். மொத ரெண்டு பாகத்துக்கும் விளம்பரம் பூரா ஆண் ஷெப்பர்டுதான். 2012ல மூணாவது பாகம் வரும்போதுதான் பெண் ஷெப்பர்டுக்கு ஒரு ட்ரெய்லர். அட்டையில உள்பக்கத்துல படம், வேணும்னா நாமளே உருவித் திருப்பிப் போட்டுக்கோணும். அஞ்சு வருசம் கண்ணுல காட்டாம ஒளிச்சு வெச்சுட்டு, நெறைய பேர் அவளை எடுக்கலைன்னு கணக்குச் சொன்னா அதுல என்னங்க நேர்மை இருக்குது?

முதுகெலும்பு இருந்தா நடக்கும்ங்க. 2013ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் டப்பாவுல எல்லிங்கற பொண்ணைப் பின்பக்கத்துக்குத் தள்ளச் சொன்னாங்க. அதை உருவாக்குன நாட்டி டாக் கம்பெனி முடியாதுன்னுருச்சு. 2017ல ஹொரைசன் ஸீரோ டான் அட்டையில ஏலாய்ங்கற பொண்ணு மட்டும்தான் நின்னா. 2021 நவம்பருக்குள்ள 2 கோடிப் பிரதிக்கு மேல போச்சு.

நம்ம பக்கத்து லட்சணம் இன்னும் மோசம். 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கேம்ல தால்சிம்னு மண்டையோட்டு மாலையோட ஒரு உருவத்தைக் காட்டி இதுதான் இந்தியான்னாங்க. இன்னைக்குத் தமிழ் விளம்பரம்னா, வெள்ளைத் தோலு மாடலுக்கு வேட்டியைக் கட்டி உட்டு, மெட்ராஸ் பேச்சுல டப்பிங். கொங்குப் பேச்சு வந்தா சிரிக்க வெக்கற ஆளுக்கு மட்டும். காங்கேயம் காளையை வரைஞ்சு பொங்கல் வாழ்த்துப் போட்டுட்டா ஆச்சா? கோயமுத்தூர் காலேஜ் ஹாஸ்டல்ல கூட்டாச் சேந்து கேம் ஆடற புள்ளைக, திருப்பூர் கம்பெனில ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல போன்ல ஆடிட்டுப் போற பொண்ணுக, இவங்க முகம் எந்த பேனர்லயாவது இருக்குதுங்களா?

இனி கத்திப் பிரயோசனம் இல்லைங்க, எண்ணோணும். ப்ளே ஸ்டோர்ல ஒரு கேமுக்கு ஐகான் ஒண்ணு, போனுக்கு ஸ்க்ரீன்ஷாட் 8 வரைக்கும், ஒரு வீடியோ, அவ்வளவுதான் எடம். கேமுக்குள்ள எத்தனை கேரக்டர், அதுல பொண்ணுக எத்தனைன்னு மொதல்ல குறிச்சுக்குங்க. அப்பறம் ஐகான்ல யாரு, தள்ளாமயே கண்ணுல படற மொத ரெண்டு மூணு படத்துல யாருன்னு பாருங்க. ட்ரெய்லரைக் கம்ப்யூட்டர்ல யூடியூப்ல போட்டு நிறுத்தி, காற்புள்ளி, புள்ளி பட்டன்ல ஒவ்வொரு படமா நகத்தி, யாரு எத்தனை நொடின்னு எழுதுங்க. சும்மா தலையை எண்ணினாப் பத்தாது. ஆயுதம் யாரு கையில, முகம் காட்டறது யாரு, உடம்பை மட்டும் காட்டறது யாரைன்னும் பாக்கோணும். எட்டுப் படத்துல நாலு பொண்ணு இருப்பா, நாலுமே பின்னால மங்கலா நிக்கும். அதையும் சமம்னு சொல்லி ஏமாத்துவாங்க.

போன்ல வர்ற விளம்பரத்தைத் தேடிப் பாக்கறதுக்கு, பேஸ்புக் நடத்தற மெட்டாவோட ஆட் லைப்ரரியும் கூகுளோட ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டரும் இருக்குது. நாடு இந்தியான்னு வெச்சு, கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்க. நெம்பப் பேர் கோட்டை உடறது மெட்டாலதான். நம்ம நாட்டுல ஓடிட்டிருக்கற சாதா விளம்பரம் மட்டும்தான் அங்க தெரியும், நிறுத்தினதும் காணாமப் போயிரும். கண்ணுல பட்ட அன்னைக்கே தேதியோட, லைப்ரரி எண்ணோட படம் புடிச்சுருங்க.

ஆஸ்கி, அதாவது இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்கு எழுதறப்ப ஒண்ணை மறந்துராதீங்க. "பொண்ணே இல்லை"ன்னு மட்டும் எழுதினாப் புகார் நிக்காது. இல்லாம இருக்கறது விதிமீறல் ஆகாதுங்க. பொண்ணை இழிவாக் காட்டினது, கெடுதலான பாலினப் படிமத்தைப் பரப்பினது (இதுக்கு 2022 ஜூன்ல தனி வழிகாட்டுதலே வந்துச்சு), கேம்ல இல்லாததை இருக்கறதாக் காட்டி ஏமாத்தினது, இப்படி எதுன்னு குறிச்சு, எத்தனாவது நொடின்னு சொல்லி, லிங்க்கும் படமும் வெச்சு அனுப்போணும். காசு எதும் கட்ட வேண்டியதில்லை. "இல்லை"ங்கற கணக்கை நேரா கம்பெனிக்கு அனுப்புங்க. ஸ்டோர் பேஜ்லயே டெவலப்பர் ஈமெயில் இருக்கும். அதையே ரிவ்யூலயும் எண்ணோட போடுங்க. "கேம்ல 20 பேர்ல 9 பொண்ணு, உங்க 8 படத்துல ஒண்ணு, ஏன்?" அவ்வளவு போதும். திட்டி எழுதினா அதைச் சாக்கு வெச்சே ரிவ்யூவைத் தூக்கிருவாங்க.

மார்ச் 8ஆம் தேதி எல்லாக் கம்பெனியும் மகளிர் தின போஸ்டர் போடும். அதை எடுத்து வெச்சுக்குங்க. ஏப்ரல் 8ஆம் தேதி அதே பேஜ்ல கடைசி 10 போஸ்டைப் படம் புடிச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி அவங்களுக்கே அனுப்பி உடுங்க.